யானைமலை நிஜமாகவே யானையா?

மேலூர் பஸ் ஒத்தக்கடையைத் தாண்டும்வரை அண்ணன் மகன் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கிறான். வெளியே யானைமலை தும்பிக்கையை நீட்டிப் படுத்திருந்தது.

"சித்தப்பா, அது நெசமாவே யானையா இருந்துச்சா?"

எங்கள் வீட்டில் இதற்கு ரெண்டு பதில் எப்போதும் தயாராக இருக்கும். அவன் அப்பத்தா, அதாவது என் அம்மா, "பின்ன? சாமி அம்பு விட்டுச்சு, விழுந்து கல்லாப் போச்சு" என்பார். அவன் அப்பா, "பூராவும் கட்டுக்கதை. பாறைடா அது" என்பார். இருவரும் ஒரே வீட்டில் ஒரே சோறு தின்றுகொண்டு முப்பது வருஷமாக இதே இடத்தில் நிற்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவன் பையன். அவனுக்கு அன்று நான் அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். புராணம், இதிகாசம், வேதாகமம் என்று எந்தச் சமய நூலைத் திறந்தாலும் இதே கேள்விதான் வரும்: இதை வரலாறாகப் படிப்பதா, தொன்மமாகப் படிப்பதா, கற்பனைக் கதையாகப் படிப்பதா?

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். வரலாறு என்றால் நடந்ததைப் பற்றிய பேச்சு. அதற்குச் சாட்சி கேட்கலாம். கல்வெட்டு எங்கே, காசு எங்கே, அந்தக் காலத்தில் வாழ்ந்த வேறு யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்களா என்று குடையலாம். சாட்சி மாறினால் வரலாறும் மாறியாக வேண்டும். புனைவு என்பது ஒருவர் உண்டாக்கியது, கேட்பவருக்கும் அது தெரியும். நரி திராட்சையைப் பார்த்து முணுமுணுத்ததா என்று எந்தக் குழந்தையும் வழக்குப் போடுவதில்லை. தொன்மம் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்: பாதி உண்மை, பாதி பொய் என்று. எனக்கு அது சரியாகப் படவில்லை. தொன்மம் என்பது ஒரு ஊரோ ஒரு சமயமோ தன்னைப் பற்றித் தனக்கே சொல்லிக்கொள்ளும் கதை. இந்த மலை ஏன் இங்கே நிற்கிறது, இந்தத் திருவிழா ஏன் இந்த மாதத்தில், ராஜா பெரியவனா, பிட்டு விற்கிற கிழவி பெரியவளா என்பவைதான் அதற்குள் இருக்கும் கேள்விகள். அதை இயற்றியவர் யாரென்று கேட்டால் விடை கிடைக்காது. ஒருவர் எழுதி வைத்தாலும் அவருக்கு முன்பே ஊர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

தமிழில் 'தொன்மம்' என்று கலைச்சொல்லாகப் புழங்குவது இந்தக் காலத்தில்தான். ஆனால் பேச்சில் வகை உண்டு என்கிற நினைப்பு நமக்குப் பழையது. தொல்காப்பியம் உரைநடைக்கு நான்கு வகை சொல்லும்போது அதில் ஒன்றைப் 'பொய்ம்மொழி' என்கிறது; இன்னொன்றை, பொருளோடு சேர்ந்த 'நகைமொழி' என்கிறது. பொய்ம்மொழிக்கு உரையாசிரியர் பேராசிரியர் காட்டும் உதாரணம், ஒரு யானையும் குருவியும் நட்பாகி இன்ன இடத்துக்குப் போய் இன்னின்னது செய்தன என்ற கதை. அதைப் படித்தபோது யானைமலைதான் நினைவுக்கு வந்தது, வேறொன்றுமில்லை. கவனிக்க வேண்டியது, அவர் அந்தக் கதையைக் கடிந்துகொள்ளவில்லை என்பது. பொய் என்று பெயர் வைத்து, இலக்கணத்தில் அதற்கொரு நாற்காலியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அகப்பாட்டுக்கு அதே நூல் சொல்வது இன்னும் நுட்பம். நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்த 'புலனெறி வழக்கம்' என்கிறது. கற்பனையும் நடப்பும் கலந்து புலவர்கள் தமக்குள் ஒத்துக்கொண்ட ஒரு வழி. தலைவனுக்கும் தலைவிக்கும் பேர் சொல்லக்கூடாது என்றும் விதி. அதனால்தான் குறுந்தொகைத் தலைவி எந்தத் தெருக்காரி என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பாட்டைப் படிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம்.

சரி, யானைமலைக்கு வருவோம். கதை திருவிளையாடற் புராணத்தில் 'யானை எய்த படல'மாக வருகிறது. பரஞ்சோதி முனிவர் பாடியது. மதுரைச் சொக்கநாதர் செய்த 64 விளையாட்டுகள், மூன்று காண்டங்கள். காஞ்சியில் இருந்த சோழனுக்குப் பாண்டியனைப் போரில் வெல்ல முடியவில்லை. எண்ணாயிரம் சமணரைக் கூட்டி ஒரு கொடிய வேள்வி செய்விக்கிறான். வேள்வித் தீயிலிருந்து பிரம்மாண்டமான யானை கிளம்பி மதுரையை நோக்கி வருகிறது. பாண்டியன் முறையிட, சொக்கநாதர் வேடனாக வந்து நரசிங்க அம்பை எய்கிறார். யானை விழுந்து மலையாகிறது. இதே நூலில் நாகமலைக்கும் பசுமலைக்கும் இதே அச்சில் கதை உண்டு: பாம்பு ஒன்று, மாயப் பசு ஒன்று. பைபாஸில் போகிற யாரும் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

இனி மலையில் ஏறிப் பார்ப்போம். அங்கே என்னென்ன எழுத்து இருக்கிறது?

மேலே இயற்கையான குகைத்தளம் ஒன்றில் தமிழி எழுத்தில், அதாவது தமிழ் பிராமியில், ஒரு வரி இருக்கிறது. சுமார் 2000 ஆண்டுப் பழமை. அது 'இவகுன்றது உறையுள்' என்று தொடங்கி, அங்கே தங்கியிருந்த துறவிகளைக் குறிக்கிறது. 'இவம்' என்றால் யானை. ஆக, அப்போதே அது யானைக் குன்றம். பிறகு 9, 10-ஆம் நூற்றாண்டை ஒட்டிய தீர்த்தங்கரர் சிற்பங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்து. அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர். மலையடியில் நரசிங்கப் பெருமாள் குடைவரை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில் அவன் அமைச்சன் மாறன் காரி அதைக் குடைவித்தான். அவன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் வேலையை முடித்தான். கல்வெட்டிலேயே கலியுக ஆண்டு இருப்பதால் கி.பி. 770 என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. தமிழ்நாட்டில் இவ்வளவு தெளிவான தேதியோடு கிடைக்கும் பழைய கோயில்கள் அதிகமில்லை.

இப்போது கதையையும் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலையின் உருவம் முதலில். பாறை கோடிக்கணக்கான ஆண்டு பழையது. உருவத்தைப் பார்த்து யானை என்ற பேர். யானை என்ற பேர் வந்த பல நூறு ஆண்டு கழித்துத்தான் யானை எய்த கதை. அடிவாரத்தில் நரசிங்கர் இருக்கிறார், கதையில் அம்பு நரசிங்க அம்பு. மலை மேலே சமணர் இருந்தார்கள், கதையில் யானையை அனுப்பியவர்கள் சமணர். கதை ஆகாயத்திலிருந்து விழவில்லை. மலையில் கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கி எடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கமாகக் கோத்திருக்கிறது.

அப்படியானால் இந்தக் கதையில் வரலாறே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் தேடும் இடத்தில் இல்லை. எந்தக் காலத்தைப் பற்றிக் கதை சொல்கிறதோ அந்தக் காலத்துக்கு அது சாட்சி சொல்லாது. சொன்னவர்களின் காலத்துக்கு நல்ல சாட்சி. சமணர் வாழ்ந்த மலையைச் சைவர்கள் தங்கள் கதைக்குள் எப்படிக் கொண்டு வந்தார்கள், எதிராளியை எப்படி நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதை ஒரு கல்வெட்டைவிட இந்தப் படலம் பச்சையாகக் காட்டும். பையனிடம் இதை, "கதை சொல்றவன் யாருன்னு பாரு" என்று சுருக்கிச் சொன்னேன். அவன் தலையாட்டியதில் பாதி புரிந்தது தெரிந்தது.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இது. துல்லியமான எண்ணைக் கண்டால் நமக்கு நம்பிக்கை வந்துவிடும். 'ரொம்ப காலம்' என்றால் கதை, '4440 ஆண்டு' என்றால் வரலாறு என்று தோன்றும். இறையனார் களவியல் என்ற பழைய அகப்பொருள் இலக்கணத்தின் உரையில் முச்சங்கக் கணக்கு வருகிறது. தலைச்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850. அரசர்கள் முறையே 89 பேர், 59 பேர், 49 பேர். தலைச்சங்கத்தில் சிவபெருமானும் முருகனும் குபேரனும் உறுப்பினர்கள். சங்கம் மொத்தம் 9990 ஆண்டு. இப்போது ஒரு கால்குலேட்டரை எடுத்து மூன்று எண்களையும் 37-ஆல் வகுத்துப் பாருங்கள். 120, 100, 50. மிச்சமே வராது. பஞ்சாங்கத்தைப் புரட்டி எண்ணிய ஆண்டுகள் இப்படி விழாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அழகாகக் கட்டிய எண்கள் இவை.

அதற்காகச் சங்கமே பொய் என்று குதித்துவிடவும் கூடாது. மாங்குளம் குகையில், சுமார் 2200 ஆண்டுக்கு முந்தைய எழுத்தில், நெடுஞ்செழியன் என்ற பெயர் கல்லில் இருக்கிறது. சங்கப் பாட்டில் வரும் பாண்டியர் பெயர்களில் அதுவும் ஒன்று. கீழடியில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை போகும் குடியிருப்பும் பெயர் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. இதனால் நமக்குத் தெரிவது: இந்தப் பக்கத்தில் வெகு காலம் முன்பே எழுதப் படிக்கத் தெரிந்த ஜனங்கள் வாழ்ந்தார்கள். குபேரன் சங்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதைக் கீழடி நிரூபிக்காது. டீக்கடையில் "அதான் கீழடியே சொல்லிருச்சே" என்பவரிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

எண்ணாயிரமும் அப்படித்தான். யானையை அனுப்பிய சமணர் எண்ணாயிரம். சம்பந்தரோடு வாதில் தோற்றுக் கழுவேறியதாகச் சொல்லப்படும் சமணர் எண்ணாயிரம். நாலடியாரைப் பற்றிய கதையில், பாண்டியன் விடை தராததால் ராத்திரியோடு ராத்திரியாக ஆளுக்கொரு வெண்பா எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிய சமணரும் எண்ணாயிரம். மதுரையைச் சுற்றிச் சமணருக்கு எட்டு மலை என்று பழைய வழக்கு உண்டு. யானைமலை அதில் ஒன்று. மலைக்கு ஆயிரம் என்று வைத்தால் கணக்கு சரியாகிவிடுகிறது. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரே 'எண்பெருங் குன்றத்து எண்ணாயிரவர்' என்றுதான் பாடுகிறார். இது தலையெண்ணிய கணக்காக எனக்குத் தோன்றவில்லை. 'எட்டு மலைக்காரர் எல்லாரும்' என்று சொல்லும் வழி.

தொன்மத்தை நம்மூர் எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கப் புத்தகமே வேண்டாம். சித்திரை மாதம் மதுரையில் இருந்தால் போதும். மீனாட்சி கல்யாணத்தன்று திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்து தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். கம்பத்தடி மண்டபத்துத் தூணில் அந்தக் காட்சி சிற்பமாகவே நிற்கிறது: நடுவில் வெட்கப்பட்டுத் தலை குனிந்த மீனாட்சி, கையைப் பிடித்துக் கொடுக்கும் திருமால். மறுநாள் தேர். அதற்கு அடுத்த நாள் விடிகாலை கள்ளழகர் தங்கச்சி கல்யாணத்துக்கென்று குதிரையேறி வந்து ஆற்றில் இறங்குகிறார். கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டு அப்படியே வண்டியூருக்குப் போய்விடுகிறார். அண்ணன் கல்யாணத்துக்கு வந்தாரா, வரவில்லையா? ரெண்டும். முந்தாநாள் தாரை வார்த்தவரும் திருமால்தான், இன்று லேட்டாக வந்தவரும் திருமால்தான்.

அழகர்கோயில் தலபுராணத்தைக் கேட்டால் மூன்றாவதாக ஒரு காரணம் சொல்லும். துர்வாசர் சாபத்தால் தவளையாகிப்போன முனிவருக்கு விமோசனம் தர அழகர் ஆற்றுக்கு வருகிறாராம். அதற்கும் ஒரு நாள், ஒரு மண்டபம், ஒரு சடங்கு. சரித்திரக்காரர்களைக் கேட்டால் நாலாவது: அழகர் முன்பு தேனூர் ஆற்றில்தான் இறங்கினார், மீனாட்சி விழா வேறு மாதத்தில் நடந்தது, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் இரண்டையும் சித்திரையில் இணைத்தார். சைவரும் வைணவரும் சேரவும், சுற்றுப்பட்டு ஜனம் மொத்தமும் மதுரைக்குள் வரவும் அது வழி செய்தது என்பார்கள். விழாக்கள் இணைந்த பிறகு, இரண்டு சாமியும் ஏன் ஒரே வாரத்தில் என்ற கேள்விக்கு ஜனங்கள் போட்ட முடிச்சுதான் 'லேட்டாக வந்த அண்ணன்'.

எத்தனை சாமர்த்தியமான முடிச்சு பாருங்கள். கல்யாணத்தில் தாய்மாமனுக்கும் அண்ணனுக்கும் மரியாதை குறைந்து, பாதிப் பந்தியில் எழுந்து போன கதை இல்லாத குடும்பம் இந்தப் பக்கத்தில் உண்டா? கூட்டத்தில் தோப்பறையில் தண்ணீர் சுமந்து பீய்ச்சுகிறவரிடம் போய், "அய்யா, ரெண்டு நாள் முன்னாடி தாரை வார்த்தவரும் இவர்தானே?" என்று கேட்டால் அவர் குழம்ப மாட்டார். நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். இது எந்த வகைப் பேச்சு என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு அந்தச் சொற்கள்தான் தேவைப்படவில்லை.

இது இந்து சமய நூல்களுக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. விவிலியத்தில் லூக்கா எழுதிய சுவிசேஷத்தை எடுங்கள். 3-ஆம் அதிகாரம், திபேரியு ராயன் ராஜ்யபாரம் பண்ணின பதினைந்தாம் வருஷம், பொந்தியு பிலாத்து யூதேயாவுக்குத் தேசாதிபதி என்று தொடங்குகிறது. கல்வெட்டு பேசுவது போலவே இருக்கிறது அல்லவா? இது சாட்சி கேட்கலாம் என்று தானே முன்வந்து நிற்கும் வாக்கியம். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-ல் செசரியாவில் தோண்டி எடுக்கப்பட்டது. அதே புத்தகம் 10-ஆம் அதிகாரத்தில், ஒரு மனுஷன் எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகையில் கள்ளர் கையில் அகப்பட்டான் என்று ஆரம்பித்து, நல்ல சமாரியன் கதையைச் சொல்கிறது. அந்தச் சாலை உண்மை. அந்த மனுஷனுக்குப் பேர் இல்லை, ஊர் இல்லை. இயேசு ஒரு கேள்விக்குப் பதிலாகச் சொன்ன உவமைக் கதை அது. அதைத் தோண்டிப் பார்க்க யாரும் போவதில்லை. போகாததால் அது பொய்யாகிவிடவும் இல்லை. ஏசாயாவில் வெளியின் மரங்களெல்லாம் கைகொட்டும் என்று வரும்போது அது பாட்டு. ஒரே அட்டைக்குள் மூன்று வகை. ஆகவே 'பைபிள் வரலாறா, கதையா' என்று முழுப் புத்தகத்துக்கும் சேர்த்து ஒரு முத்திரை கேட்பதே கோளாறான கேள்வி. எந்த அதிகாரம், எந்த வாக்கியம் என்று கேட்க வேண்டும்.

திருக்குர்ஆனில் குகைவாசிகள் வரலாறு 18-ஆம் அத்தியாயத்தில் வருகிறது. குகையில் பல காலம் உறங்கி எழுந்த இளைஞர்கள். அவர்கள் மூன்று பேர், நாலாவது நாய் என்பார்கள் சிலர். ஐந்து பேர், ஆறாவது நாய் என்பார்கள் சிலர். ஏழு பேர், எட்டாவது நாய் என்பார்கள் என்று அந்த நூலே சொல்லிவிட்டு, எண்ணிக்கையை இறைவனே அறிவான், இதைப் பற்றி ஆழமாகத் தர்க்கம் பண்ண வேண்டாம் என்று நிறுத்திவிடுகிறது. எங்கே நின்று படிக்க வேண்டும் என்று நூலே வாசகனுக்குக் கையைக் காட்டும் இடம் இது. நம்மில் பலர் அந்தக் கையைத் தட்டிவிட்டு நாயை எண்ணிக்கொண்டிருப்போம்.

தவறாகப் படிக்கும் வழிகளில் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது ஒன்று உண்டு. நம்பிக்கையும் அல்லாமல், ஆராய்ச்சியும் அல்லாமல், புராணத்துக்கு விஞ்ஞான விளக்கம் எழுதுவது. புஷ்பக விமானம் என்றால் ஏரோப்ளேன், நரி பரியானது மரபணு மாற்றம் என்று வாட்ஸ்அப்பில் வரும் சரக்கு. அதே திருவிளையாடலில் வரும் வந்தியின் கதையை நினைத்துப் பாருங்கள். வைகையில் வெள்ளம். கரை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவிக்கு ஆளில்லை. கூலியாளாக ஒருவன் வருகிறான், சொக்கநாதர்தான் அது. உதிர்ந்த பிட்டுதான் கூலி. ஆடுகிறான், பாடுகிறான், தூங்குகிறான், மண்ணை மட்டும் கொட்டவில்லை. ராஜா பிரம்பால் ஓங்கி அடிக்கிறான். அடி ராஜா முதுகிலும் விழுகிறது, ராணி முதுகிலும், ஊரில் உள்ள ஒவ்வோர் உயிர் மேலும் விழுகிறது. இதற்கு என்ன விஞ்ஞானம் சொல்லப் போகிறீர்கள்? கல்வெட்டில் மன்னர் வெட்டிய வாய்க்கால் இருக்கும். கூலிக்கு ஆளில்லாமல் வாசலில் உட்கார்ந்து கலங்கிய கிழவி இருக்க மாட்டாள். அவளை வைத்துக்கொண்டிருப்பது இந்தக் கதைதான். ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்புக்கு ஜனம் போவதும் அவளுக்காகத்தான். அதை விளக்கம் சொல்லிச் சுருக்கினால் அடி யார் மேலும் படாது.

தருமிக்குப் பொற்கிழி தந்த கதையிலும் இப்படி ஒன்று உண்டு. 1965-ல் வந்த சினிமாவுக்குப் பிறகு தருமி என்றால் நாகேஷ்தான். அந்தக் கதையின் நடுவில் நிற்கும் 'கொங்குதேர் வாழ்க்கை' குறுந்தொகையின் 2-ஆம் பாட்டு, பாடியவர் இறையனார். பாட்டை மட்டும் படித்தால் அங்கே பாண்டியனும் இல்லை, பரிசும் இல்லை. தலைவன் ஒருவன் தும்பியைப் பார்த்து, தலைவியின் கூந்தலைவிட மணமுள்ள பூ உண்டா என்று கேட்கிறான், அவ்வளவுதான். ஒரு பாட்டும் 'இறையனார்' என்ற ஒரு பெயரும் சேர்ந்து பின்னால் எவ்வளவு பெரிய கதையாக வளர்ந்திருக்கிறது! அந்தப் பாட்டில் தும்பிக்கு ஒரு நிபந்தனை போடுகிறான்: 'காமம் செப்பாது கண்டது மொழிமோ'. என் மனசுக்குப் பிடித்ததைச் சொல்லாதே, கண்டதைச் சொல். வரலாறு எழுத உட்காருகிற எவருக்கும் இதைவிடச் சுருக்கமான விதி எனக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, 'எல்லாம் அவரவர் படிக்கிற விதம்' என்று நான் நழுவப் பார்ப்பதாக நினைக்க வேண்டாம். சாட்சி கேட்டே ஆக வேண்டிய நேரம் உண்டு. அதை 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியனிடமே கற்றுக்கொள்ளலாம். வேள்விக்குடிச் செப்பேடு, யானைமலைக் குடைவரைக் காலத்து அதே நெடுஞ்சடையனின் 3-ஆம் ஆட்சி ஆண்டில் எழுதியது. தொடக்கத்தில் பாண்டியர் சந்திர குலம், அகத்தியர் குலகுரு என்று தொன்மமாக ஓடுகிறது. அரசன் அதில் ஒரு வரியையும் ஆட்சேபிக்கவில்லை, தன் குலமாயிற்றே. அப்புறம் விஷயத்துக்கு வருகிறது. கூடல் மாநகரில் ஒருவர் வந்து முறையிடுகிறார்: வேள்விக்குடி என்ற ஊரைப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி எங்கள் முன்னோருக்குக் கொடுத்தான், களப்பிரர் பிடுங்கிக்கொண்டார்கள், திருப்பித் தர வேண்டும். அரசன் புன்னகைத்து, 'நல்லது, நாட்டார் முன் உன் பழமையைக் காட்டிப் பெற்றுக்கொள்' என்கிறான். அவர் காட்டுகிறார், ஊர் கிடைக்கிறது. நிலாவிலிருந்து வந்தோம் என்பதற்குச் சாட்சி கேட்காதவன், நிலம் என்றதும் கேட்டுவிட்டான்.

எங்கள் அம்மாவும் இந்தப் பாண்டியன் கட்சிதான். யானை எய்த கதையில் ஒரு எழுத்துக் குறைத்துச் சொன்னாலும் சண்டைக்கு வருவார். ஆனால் பக்கத்து வயல்காரர் வந்து, "எங்க தாத்தா சொல்லுவாரு, வரப்பு இந்த வேம்பு வரைக்கும்னு" என்று இழுத்தபோது, "தாத்தா சொன்னது கெடக்கட்டும், பட்டாவை எடுத்துட்டு வா. சர்வேயரக் கூப்பிடு" என்றார். தாத்தா சொன்ன கதைக்கும் தாத்தா சொன்ன வரப்புக்கும் வித்தியாசம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காமல் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே ஒரு புராண வரியை வைத்து யாராவது இன்று ஒரு நிலத்தையோ மரியாதையையோ கேட்டால், அல்லது இன்னொரு கூட்டத்தின் மேல் பழியைச் சுமத்தினால், அந்த நொடியில் அது தொன்மத்தின் சலுகையை இழக்கிறது. மதுரையில் இதற்குச் சரியான உரைகல் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றம். சிலருக்கு அது பெருமை, சிலருக்கு அது குற்றப்பத்திரிகை. இரண்டு பேரும் அதை அப்படியே நடந்த சம்பவமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. சாட்சியைப் பார்ப்போம். சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டு. அவர் பதிகங்களில் சமணரைச் சாடும் வரிகள் ஏராளம். எண்ணாயிரம் பேர் கழுவேறிய கதை அங்கே இல்லை. விரிவாகச் சொல்லும் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டு, அதாவது ஐந்நூறு வருஷம் தள்ளி. அந்தக் காலத்துக் கல்வெட்டு எதுவும் இதைச் சொல்லவில்லை. இன்னொரு பக்கம், அப்படி மொத்தமாக அழிந்திருந்தால் யானைமலையிலும் கீழக்குயில்குடி சமணர் மலையிலும் 9, 10-ஆம் நூற்றாண்டில் தீர்த்தங்கரரைச் செதுக்கியவர்கள் யார்? புதுக்கோட்டைச் சித்தன்னவாசலைப் பாண்டியன் ஸ்ரீமாறன் காலத்தில் புதுப்பித்தவர் தன்னை 'மதுரை ஆசிரியன் இளங்கௌதமன்' என்றே எழுதி வைத்திருக்கிறார். மதுரையில் சமணம் அதற்குப் பிறகும் காசோடும் கைவேலையோடும் இருந்திருக்கிறது.

இதனால் 7-ஆம் நூற்றாண்டில் சமயச் சண்டையே நடக்கவில்லை, ஒருவர் உயிரும் போகவில்லை என்று ஆகிவிடாது. அதற்கும் சாட்சி இல்லை. 'எண்ணாயிரம் பேர், ஒரே நாள்' என்பதை வரலாறாக யாரும் கையில் எடுக்க முடியாது, அவ்வளவுதான் சொல்ல முடியும். கதையாக அது காட்டுவது வேறு: பல நூறு ஆண்டு கழித்தும் சைவ மனசில் அந்தப் போட்டி எவ்வளவு சூடாக இருந்தது என்பதை.

பஸ் நரசிங்கம் விலக்கைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பையன் திரும்பிப் பார்த்தான். மேலூர்ப் பக்கம் போகப் போக மலையின் உருவம் மாறும். ஒரு கட்டத்தில் தும்பிக்கை மறைந்து வெறும் பாறை மேடாகிவிடும்.

"இப்ப யானை மாதிரியே இல்ல, சித்தப்பா."

"திரும்பி வர்றப்ப இருக்கும்."

"அந்தக் கல்வெட்டு எங்க இருக்கு? நடந்து போலாமா?"

போகலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்கு முன்னால். அப்பத்தாவும் வருகிறேன் என்கிறார், நரசிங்கரைக் கும்பிட. அண்ணன் வண்டி ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.